ஆற்றுக்கு எடுத்துப் போகும் சட்டி

வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளின் பழைய அடுப்பங்கரையை நினைத்துக்கொண்டால், கரி படிந்த சுவரும் அதில் அடித்த ஓர் ஆணியும்தான் முதலில் கண்ணுக்கு வருகின்றன. அந்த ஆணியில் ஒரு காதை மாட்டிக்கொண்டு இருப்புச்சட்டி தொங்கும். சிலர் வடச்சட்டி என்பார்கள், சிலர் வாணலி என்பார்கள், கடைக்காரர்கள் இப்போது கடாய் என்கிறார்கள். பித்தளை அண்டாவுக்கும் எவர்சில்வர் தவலைக்கும் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைத்ததே இல்லை. யாரும் அதில் பெயர் வெட்டியதில்லை. சீர்வரிசை பரப்பும்போது அதை முன்னால் வைத்ததில்லை. புளி போட்டுத் துலக்கவும் மாட்டார்கள். வறுத்து முடித்ததும் பழந்துணியால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டி மாட்டிச் சுவரில் வட்டமாக ஓர் எண்ணெய்க்கறை விழுந்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் நாலு நாள் மறைந்திருந்துவிட்டு, சுண்ணாம்பை மீறிக்கொண்டு திரும்ப எழும். சின்னப் படகு ஒன்றில் துடுப்புப் போட்டுப் போய், ஆற்றங்கரையிலோ உப்பங்கழி ஓரத்திலோ ஓர் இரவு தங்கிவர நினைப்பவர், மீன் வறுக்க ஒரே ஒரு சட்டிதான் எடுத்துப் போகலாம் என்றால் எதை எடுப்பது? அந்த ஆணியில் தொங்குவதை எடுங்கள் என்பது என் பதில். ஆனால் இரும்புக்காக வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி பிழையானவை. சரியான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

படகில் போய்க் கரையில் கூடாரம் போடுவது நம் ஊர் வழக்கமல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாகூர் கொம்யூனின் கடலோரக் குப்பங்களான நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் கட்டுமரம் இருந்த காலத்தில் அதில் அடுப்புக்கு இடமே கிடையாது. நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டால் அலை மேலேறித்தான் போகும். கஞ்சியோடு போவார்கள், சமையல் கரைக்கு வந்த பிறகுதான். என்றாலும் நீரோரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரையிலும், மாசி மகத்துக்குச் சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சியிலும் கூடுகிறவர்கள் கட்டுச்சோற்றோடுதான் வருவார்கள். கோடையில் ஏரி வற்றும்போது மீன் பிடிக்கிறவர்கள் கரைமேலேயே மூன்று கல் வைத்துக் கொஞ்சம் வறுத்துக்கொள்வதும் உண்டு. இந்தப் பழக்கத்தோடு இப்போது கயாக் சேர்ந்திருக்கிறது. சங்கராபரணி கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரண்டாகப் பிரிகிறது. நோணாங்குப்பம் படகுத்துறையைச் சுற்றியும் அலையாத்திப் புதர்களுக்கு நடுவிலும் இளைஞர்கள் துடுப்புப் போட்டுத் திரிகிறார்கள். அடுத்து வருகிற ஆசை, கரையிறங்கி ஓர் இரவு தங்குவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆற்றில் இன்னும் தண்ணீர் நிற்கிற தையும் மாசியும் அதற்கேற்ற மாதங்கள். ஊசுடேரியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பறவைகள் சரணாலயம், அங்கே அடுப்பு மூட்டுகிற பேச்சே வேண்டாம். மற்ற இடங்களிலும் கரை யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரும்பு வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்வது கனம். மலையில் நடந்து போகிறவர் சொன்னால் அது நியாயம். முதுகு சொல்கிற கணக்கு அது. படகில் போகிறவருக்கு அது பொருந்துமா என்று எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். வாய் 26 சென்டிமீட்டர், குழி 8 சென்டிமீட்டர் உள்ள ஒரு சட்டியை எடுத்துக்கொள்வோம். நாலு பேருக்கு மீன் வறுக்க அது போதும். அதன் பரப்பு ஏறக்குறைய 730 சதுர சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் அடித்ததென்றால் கனம் 1 கிலோ 140 கிராம் சொச்சம் வரும். 4 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு என்றால் 2 கிலோ 100. 3 மில்லிமீட்டர் அலுமினியம் 600 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆக, தகட்டு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வித்தியாசம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். சுண்ணாம்பாற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க ஆகாது. குடிநீரை வீட்டிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும் நாலு பேருக்கு இரண்டு நாளில் 24 கிலோ ஆகிறது. இருபத்து நாலு கிலோவைப் பேசாமல் ஏற்றிவிட்டு அரைக் கிலோவுக்கு வழக்காடுவது, மாட்டைக் கொடுத்துவிட்டுத் தும்புக்குச் சண்டை போடுகிற கதை. கனடாவில் ஏரிக்கு ஏரி படகைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். நம் சங்கராபரணியிலும் குறுக்கே படுகை அணைகள் நிற்கின்றன, அங்கே படகை இறக்கித் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அது ஐம்பது, நூறு அடித் தூரம். அதற்காகச் சட்டியை மாற்ற வேண்டியதில்லை.

இனி இரும்பின் பக்கத்து ஆட்களைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 'இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், அலுமினியம் உடனே ஆறிவிடும்' என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு தலைமுறை தலைமுறையாக வருகிறது. மேலே போட்ட கணக்கையே கொஞ்சம் நீட்டினால் இந்தப் பேச்சு நிற்காது. ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க, அதே எடை இரும்புக்கு வேண்டியதைப்போல இரு மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே 600 கிராம் அலுமினியச் சட்டியும் 1,140 கிராம் இரும்புச் சட்டியும் சேர்த்து வைக்கிற வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே. அதற்கும் மேலே, அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகப் பரப்புகிறது. ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் கிடப்பது இரும்பில் நடக்கிற அளவுக்கு அதில் நடக்காது. சூட்டைப் பிடித்து வைப்பதாக நாம் புகழ்வது எல்லாம் வார்ப்பிரும்பின் தடிமனையே தவிர இரும்பு என்ற உலோகத்தை அல்ல. இரும்புச் சட்டியில் வறுத்தால் உடம்புக்கு இரும்புச் சத்து என்பதும் அப்படித்தான். கொஞ்சம் சேரும், புளிப்பு இருந்தால் கூடுதலாகவே சேரும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு இரவு ஆற்றங்கரையில் வறுக்கிற கெண்டையால் யாருக்கும் ரத்தம் ஊறிவிடப் போவதில்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுகிற காரணம் எதுவோ அதன்மேல்தான் வழக்கை நிறுத்த வேண்டும்.

மிஞ்சுவது இது. கரையில் வைத்துச் சமைக்கும்போது ஏதாவது ஒன்று கட்டாயம் கெடும். சட்டி கெட்டால் அதை அந்தக் கரையிலேயே, அங்கே கிடைக்கிற பொருளை வைத்தே சரிசெய்ய முடியுமா என்பதே கேள்வி. வீட்டு அடுப்பில் இந்தக் கேள்வி எழுவதில்லை. திருகைத் திருப்பினால் தீ குறைகிறது, மேடை மட்டமாக இருக்கிறது, காற்று ஜன்னலோடு நின்றுவிடுகிறது. கரையில் மூன்று கல், ஈரமணல், சவுக்கு விறகு. சவுக்கு நம் கடலோரத்தில் தாராளமாகக் கிடைப்பது. நன்றாக நின்று எரியும், தணல் கெட்டியாகத் தங்கும். மாலையில் கடற்காற்று திரும்பியதும் அந்தத் தணல் கொல்லன் உலைபோலச் சிவக்கிறது. தணலின் நடுவில் 700, 800 டிகிரி என்பது சாதாரணம். அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிற உலோகம். எண்ணெயும் மீனும் உள்ளே இருக்கிறவரை பயமில்லை. மீனை எடுத்துவிட்டு வெறும் சட்டியை அடுப்பிலேயே மறந்துவிட்டுச் சோற்றைப் பிசைய உட்கார்ந்தால், மெல்லிய அலுமினியத்தின் அடி இளகி வயிறு தள்ளிவிடும். அதை நிமிர்த்த ஆற்றங்கரையில் ஆளில்லை. இரும்பு அதே நெருப்பில் சும்மா சிவந்துவிட்டு ஆறும். அதன்மேல் படிந்திருந்த எண்ணெய்ப் படலம் எரிந்துபோயிருக்கும், அவ்வளவுதான் சேதம்.

நான்ஸ்டிக் சட்டியின் கதையை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் மீனுக்கும் ஒட்டு உண்டு. டெப்லான் பொருளை 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதைச் சமையல் சட்டிக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரரான மார்க் கிரெகுவார். தூண்டில் நூல் சிக்காமலிருக்க அதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், 'இதை என் சட்டியில் பூசக்கூடாதா' என்று மனைவி கேட்டதாகச் சொல்வார்கள். அது 1954. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி நம் வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். பிரான்ஸ் இங்கிருந்து மூட்டை கட்டிய ஆண்டில்தான் பிரான்ஸில் அந்தச் சட்டி பிறந்தது என்பது வெறும் தற்செயல், ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான்ஸ்டிக் விஷம் என்று பயமுறுத்துவது என் வாதமல்ல. 260 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் அது சொன்ன வேலையைச் செய்கிறது. கேஸ் அடுப்பில் மீன் வறுக்க அதைவிடச் சுலபமான சட்டி கிடையாது. சிக்கல் அந்த எண்ணில்தான். மூன்று கல் அடுப்பில் 260 டிகிரிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வது, காற்றை 'கொஞ்சம் மெதுவாக அடி' என்று கேட்டுக்கொள்வதைப் போன்றது. மேலே போனால் பூச்சு சிதைந்து புகை கிளம்பும். வீட்டுக் கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் செத்துப்போவது பல நாடுகளில் பதிவான விஷயம். மரக்கரண்டிதான் போட வேண்டும், மணல் படக்கூடாது, தேங்காய்நார் ஆகாது என்கிற சட்டங்களும் உண்டு. ஆற்றங்கரையில் மணல் படாமல் ஒரு சட்டியா? ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதைக் கரையிலும் சரிசெய்ய முடியாது, வீட்டுக்கு வந்தும் முடியாது. போதாக்குறைக்கு, அதன் பிளாஸ்டிக் கைப்பிடி விறகு நாக்குக்கு முதல் பலி.

இரும்பு கெடுவதே இல்லையா என்றால், எல்லாவற்றையும்விட வேகமாகக் கெடுவது அதுதான். இதுதான் எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம், இதை மழுப்பக் கூடாது. உப்பங்கழியில் படகின் அடியில் எப்போதும் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். அதில் ராத்திரி முழுக்கச் சட்டி கிடந்தால் காலையில் செம்மண் பூசியதுபோல இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் ரேகையில் ஏறிக்கொள்ளும், முகர்ந்தால் பழைய கிணற்றடி வாளியின் வாசனை. ஆனால் அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று பாருங்கள். காலடியில் கிடக்கிற மணல் ஒரு கை, நேற்றைய அடுப்பின் சாம்பல் ஒரு கை, தேங்காய்நார் கொஞ்சம். நாலு நிமிஷம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, கடலெண்ணெய் தொட்ட துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் முடிந்தது. சட்டியைப் பழக்குவது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதன் சுருக்கப் பதிப்பு இது. மாட்டைப் பழக்குவதற்கும் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதற்கும் சொல்கிற அதே சொல்லைச் சட்டிக்கும் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. புதுச் சட்டியை வாங்கியதும் அரிசி கழுவிய தண்ணீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். ஆலையிலிருந்து ஒட்டிவந்த மெழுகும் தூசும் அதோடு போகும். பிறகு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டு, சூடான சட்டியில் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார்கள். சூட்டில் எண்ணெய் இறுகி, துகளோடு துகள் பிணைந்து, கறுத்து, கெட்டியான ஒரு தோலாகிறது. மீன் ஒட்டாமல் காப்பது அந்தத் தோல்தான். நான்ஸ்டிக்கில் அந்த வேலையைத் தொழிற்சாலை ஒரு தடவை செய்து கொடுக்கிறது. இரும்பில் அதை நாம் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அலுமினியத்தில் இப்படியொரு தோல் சரியாக நிற்பதில்லை; கெண்டை ஒட்டினால் சுரண்டத்தான் வேண்டும். எவர்சில்வரோ வெப்பத்தைப் பரப்பவே தெரியாத உலோகம். விறகு எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் கருக்கிவிடும், அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

சட்டியின் காதுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வழக்கு முழுமையாகாது. ஒற்றைக் கைப்பிடி நீண்ட சட்டியை மூன்று கல்மேல் வைத்தால் கைப்பிடியின் பாரமே அதைக் கவிழ்க்கப் பார்க்கும். கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது யாராவது காலால் தட்டுவதும் அதைத்தான். படகில் வைத்தால் கயிற்றிலும் வலையிலும் மாட்டுவதும் அதுதான். இரண்டு பக்கமும் குட்டையான காது வைத்த சட்டி கல்லில் சமமாக உட்காரும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். கவிழ்த்து வைத்தால் படகின் மூலையில் ஆமைபோலக் கிடக்கும். கடல் வணிகம் இதை வெகு நாளைக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் மீன்சாறும் அடைத்துவந்த ஜாடிகள் அவை. ஆம்போரா என்ற கிரேக்கச் சொல்லின் பொருளே 'இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குவது' என்பதுதான். ஆடுகிற தளத்தில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பிடி வேண்டும் என்று அந்தக் குயவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காது சூடேறாதா என்றால், ஏறும். பிடிதுணி எதற்கு இருக்கிறது? இடுக்கியை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டு மேடையில் தூக்குவதற்கு அது சரி, ஈரமணலில் குந்தி உட்கார்ந்துகொண்டு கொதிக்கும் எண்ணெயோடு சட்டியை இடுக்கியால் தூக்குவது ஆபத்தான வித்தை.

அரிக்கமேட்டைச் சொன்னதும் மண்சட்டிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், நிற்கத்தான் வேண்டும். வில்லியனூர் என்றாலே சுடுமண். அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த மண்ணைக் கையில் எடுத்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு இரும்பைத் தூக்கிப் பிடிப்பது துரோகம்போலத் தெரியலாம். மீன்குழம்புக்கு மண்சட்டியை மிஞ்சியது இல்லை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. புளி இரும்பில் பட்டால் பழக்கி வைத்த தோலைக் கரைத்து, குழம்பைக் கறுக்க வைத்து, நாக்கில் ஆணி வைத்ததுபோல ஒரு ருசியைக் கொடுக்கும். மண்ணுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் நாம் பேசுவது வறுவலை. வறுக்க வாய் அகன்ற, சூடு சட்டென்று ஏறுகிற சட்டி வேண்டும். மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். குழம்பில் அது குணம், வறுவலில் குற்றம். அதோடு படகு கரையில் முட்டும், மேலே பை விழும், ஆள் கால் வைப்பார். பிரிமணை போட்டு வைக்கோல் சுற்றிக் கொண்டுபோனாலும் திரும்பி வருகையில் முழுசாக இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உடைந்த மண்சட்டி தொல்லியலாருக்கு அதிர்ஷ்டம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரிவதே பானைகள் உடைந்ததால்தான். பட்டினியோடு கரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

மண்சட்டியைவிட எனக்கு உண்மையான போட்டியாகத் தோன்றுவது தோசைக்கல். நம் வீடுகளில் பாதிப் பேர் மீன் வறுப்பதே தோசைக்கல்லில்தான். எண்ணெய் குறைவு, மசாலா உதிராது, கிழங்கானோ மடவையோ நீளமாகப் படுக்கும், திருப்பக் கரண்டி சுலபமாக நுழையும். காலையில் அதே கல்லில் தோசையும் ஊற்றலாம். இரும்பென்பதால் என் வாதத்தில் பாதி அதற்கும் பொருந்தும். கரையில் கெட்டால் கரையிலேயே சரிசெய்யலாம். நான் அதை ஒதுக்குவது ஒரே ஒரு காரணத்துக்காக: அது மட்டமான தரையை நம்புகிற பாத்திரம். மூன்று கல்லில் ஒன்று மணலில் அரை விரல் இறங்கினால் போதும், கல்மேல் இருந்த எண்ணெய் ஒரு பக்கமாக ஓடி விளிம்பைத் தாண்டித் தீயில் விழும். தீ மேலே பாயும். குழிந்த சட்டியில் கல் இறங்கினாலும் எண்ணெய் நடுவைத் தேடித்தான் வரும். மணலை வாரிக்கொண்டு வரும் காற்றுக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் விளிம்பு கொஞ்சம் தடுப்பு. குழிச்சட்டியில் மீன் வளையும், ஒரே தடவையில் நாலைந்துக்குமேல் போட முடியாது என்பது உண்மை. ஆனால் கரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன அவசரம்? இரண்டு இரண்டாகப் போட்டு, வெந்ததை வெந்ததும் வாழையிலையில் எடுத்து வைத்தால் ஆறுவதற்குள் ஆள் எடுத்துவிடுவார். தோசை பிரியர்களுக்கும் அதே சட்டியில் தடியாக ஓர் ஊத்தப்பம் ஊற்றி மூடி போடலாம். முறுகல் தோசைதான் வேண்டும் என்று ஆற்றங்கரையில் அடம் பிடிப்பவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

வார்ப்பிரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போது நகரத்துக் கடைகளில் அதற்குத்தான் மவுசு. வழவழப்பாகக் கடைந்து, முன்பே பழக்கியது என்று அட்டை ஒட்டி விற்கிறார்கள். சூட்டைப் பிடித்து வைப்பதில் அது ராஜாதான்; மேலே சொன்ன கணக்குப்படி தகட்டுச் சட்டியின் ஏறத்தாழ இரு மடங்கு. வீட்டில் வாங்கி வையுங்கள், பேரப்பிள்ளை காலம்வரை வரும். ஆற்றுக்கு வேண்டாம். கனம் காரணமல்ல, கனத்தைப் பற்றி முன்பே பேசிவிட்டோம். அதில் கரி, அதாவது கார்பன், நூற்றுக்கு 2க்குமேல் இருக்கிறது. அதனால் கடினம், அதனாலேயே நொறுங்கும். கருங்கல்லில் விழுந்தால் காது தெறிக்கும். சிவக்கச் சிவக்கக் காய்ந்த சட்டியில் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் படீரென்று விரிசல் விடும். ஊற்ற யாராவது ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். தகட்டு இரும்பு அதே அடிக்குக் கொஞ்சம் சொட்டை விழும், அதே தண்ணீருக்குக் கொஞ்சம் கோணும். கோணியதைக் கல்மேல் கவிழ்த்து இன்னொரு கல்லால் நாலு தட்டுத் தட்டினால் உட்கார்ந்துவிடும். அழகாக இராது, வறுக்கும்.

வாங்குவதற்கு மதகடிப்பட்டுச் சந்தை போன்ற இடங்களில் அரிவாள்மனை, களைக்கொத்து விற்கிறவரின் சாக்கு விரிப்பே போதும். முதலில் சட்டியைத் தரையில் வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரம்போல நின்று சுற்றினால் அடி சமமாக அடித்திருக்கிறது, தட்டாமாலை சுற்றி ஒரு பக்கம் சாய்ந்தால் தகடு ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பை அமுக்குங்கள். உள்ளே வளைந்து கொடுத்தால் தகடு 2 மில்லிமீட்டர் இல்லை, வேறு எடுங்கள். பிறகு காது. காதைச் சட்டியோடு பிணைக்கிற ஆணியின் தலை உள்பக்கம் பட்டையாக, தகட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் கரண்டி அதில்தான் இடறும், அரிசிமணி அளவுக்கு இடுக்கு இருந்தால் உப்புத்தண்ணீர் அங்கேதான் தங்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். பற்றவைத்த காதைவிட ஆணி அடித்த காது மேல், ஏனென்றால் அது தளர்ந்தால் சுத்தியலால் ஒரு தட்டுப் போதும். ஒரே காதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். காது முனகினால் கீழே வைத்துவிடுங்கள். வாங்கி வந்த சட்டியைப் பழக்க ஒரு வாரம் கொடுத்து, முதலில் வீட்டிலேயே வெங்காயம், பிறகு உருளைக்கிழங்கு என்று வறுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆற்றுக்கு எடுத்துப் போங்கள். முதல் நாள் மடவை அநேகமாக ஒட்டும். தோல் கிழிந்தாலும் கரண்டியால் குத்தாமல், எண்ணெய் ஒரு சொட்டு விளிம்பில் விட்டுத் தணலை ஒதுக்கிக் காத்திருந்தால், ஓரம் பொன்னிறமாகும்போது மீன் தானாகவே சட்டியை விட்டு அசைந்து கொடுக்கும், அப்போது திருப்பலாம்.